சேந்தமங்கலமும் சேலமும்: தத்துவ போதகரின் வடதிசைப் பயணமும் அவர் வாழ்வின் தீராத வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகரின் (1577–1656) வாழ்வு பெரும்பாலும் மதுரையை நடுவாகக் கொண்டே எழுதப்பட்டு வருகிறது. 1623ஆம் ஆண்டு அவர் மதுரையை விட்டு நீங்கிச் சேந்தமங்கலம், சேலம் ஆகிய ஊர்களுக்கு மேற்கொண்ட பயணம் அவ்வரலாறுகளில் ஒரு கிளைக்கதையாகவே இடம்பெறுகிறது. இன்றைய நாமக்கல், சேலம் மாவட்டச் சமவெளியில் அவர் கழித்த ஆண்டுகளை முதன்மையாகக் கொண்டு அவர்தம் வாழ்வை நோக்கினால், அவர் கையாண்ட சமய உரையாடல் முறையின் வலிமையும், நீதி பற்றிய வினாவில் அது தடுமாறிய இடமும் ஒருங்கே புலப்படுகின்றன என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தத்துவ போதகர், மதுரை மிஷன், சேந்தமங்கலம், சேலம், பாளையக்காரர், பண்டாரசாமிகள், சமய உரையாடல், சாதி.

முன்னுரை

தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் வீரமாமுனிவருக்கு முன்னோடியாகத் தத்துவ போதகரைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம், புனர்ஜென்ம ஆட்சேபம் முதலிய அவருடைய நூல்களை ச. இராசமாணிக்கம் அடிகளார் தேடித் தொகுத்துப் பதிப்பித்த பின்னர், அவற்றின் நடையும் சொல்லாட்சியும் ஆய்வுக்குரியனவாயின. வரலாற்றாசிரியர்களோ வேறொரு வாயிலின் வழியே அவரை அணுகினர். மதுரை மிஷன் குருமார் உரோமைக்கும் கோவாவுக்கும் எழுதிய ஆண்டுக் கடிதங்கள் நாயக்கர் கால அரசியலுக்கு நேர்ச்சான்றாக அமைவதால், அக்கடிதங்களை எழுதியவருள் ஒருவர் என்ற அளவில் அவர்களுக்கு நொபிலி வேண்டியவரானார். இவ்விரு வழியிலும் முன்னிற்பது மதுரையே. துறவுக்கோலம் பூண்டது, வடமொழி கற்றது, பிற குருமாரோடு முரண்பட்டது ஆகிய யாவும் அங்கே நிகழ்ந்தமையால் அஃது இயல்பே. எனினும், ஒரு முறை தோன்றிய இடத்திலே மட்டும் அதனை மதிப்பிடுவது போதாது. பழக்கமில்லாத மண்ணில் அம்முறை எவ்வாறு நின்றது என்பதையும் காண வேண்டும். அந்தச் சோதனைக்களமாக அமைந்தது கொல்லிமலை அடிவாரத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் இடைப்பட்ட சமவெளியாகும்.

உரோமையிலிருந்து மதுரை வரை

நொபிலி 1577ஆம் ஆண்டு இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். திருத்தந்தை மூன்றாம் ஜூலியுசின் உறவினர். கர்தினால் பெல்லார்மினுக்கும் உறவினர். குடும்பத்தார் விரும்பாத நிலையிலும் நேப்பிள்சு நகரில் ஏசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1604ஆம் ஆண்டு இலிசுபனிலிருந்து கப்பலேறினார். அக்கடற்பயணம் நேர்வழியில் முடியவில்லை. ஆப்பிரிக்காவின் கீழைக்கரையில் கலம் இடருற்று, மொசாம்பிக்கில் பருவக்காற்றுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. போர்ச்சுக்கீசியரின் கோட்டையும் வணிகமும் அவர்தம் சமயப்பணியும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்த ஊர் அது. கொடியின் நிழலில் செல்லும் சமயம் அம்மண்ணின் மக்களிடம் எத்தகைய தோற்றம் பெறும் என்பதை இந்தியாவுக்கு வருமுன்னரே காணும் வாய்ப்பு அவருக்கு அங்கே இருந்தது. பிற்காலத்தில் அவர் கொண்ட உறுதிக்கு அவ்வனுபவமே வித்தென்று சொல்லச் சான்றில்லை. ஆயினும் அவர் வாழ்வின் தொடக்கத்தில் அவ்வூர் நிற்பது கருதத்தக்கது.

1605 மே மாதம் கோவாவை அடைந்த நொபிலி, கொச்சி வழியாக முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் பயின்றார். 1606 நவம்பரில் மதுரை சேர்ந்தார். அங்கே 1595 முதல் பணியாற்றி வந்த கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் முதிய குரு, கடற்கரையிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய பரதவக் கிறித்தவர்களின் ஆன்மிகத் தேவைகளைக் கவனித்து வந்தார். உள்ளூர் மக்களில் எவரும் அச்சமயத்தை ஏற்க முன்வரவில்லை. காரணம் கோட்பாட்டில் இல்லை என்பதை நொபிலி விரைவிலேயே உணர்ந்தார். பரங்கி என்ற சொல்லில் மாட்டிறைச்சி, மது, தூய்மையின்மை, இழிகுலம் ஆகிய பொருள்கள் யாவும் குவிந்து கிடந்தன. கிறித்தவராவது பரங்கிக் குலத்தில் சேர்வதே என்று மக்கள் கருதினர். குருமாரும் அப்பொருள் தோன்றவே வினவி ஞானஸ்நானம் கொடுத்து வந்தனர்.

மாகாணத் தலைவர் அல்பெர்த்தோ லயெர்சியோவின் இசைவுடன் நொபிலி தம் வாழ்முறையை மாற்றிக்கொண்டார். காவி உடுத்து, பாதக்குறடு அணிந்து, தண்டும் கமண்டலமும் ஏந்தினார். புலாலும் மதுவும் நீக்கி ஒருவேளை உணவே கொண்டார். தம்மைப் பரங்கியல்லர் எனவும் உரோமாபுரியிலிருந்து வந்த துறவி எனவும் அறிவித்தார். சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி கற்றார், தெலுங்கும் பயின்றார். கிறித்தவத்தைக் குறிக்க வழங்கிய போர்ச்சுக்கீசியச் சொற்களை நீக்கி, கோயில், பூசை, குரு, வேதம், பிரசாதம் முதலிய வழக்குச் சொற்களுக்குப் புதுப்பொருள் ஊட்டினார். இன்று இயல்பாகத் தோன்றும் இம்மாற்றம் அன்று பெருந்துணிவு. தம்பிரான் வணக்கம் 1578இல் அச்சேறிய காலத்துச் சொல்வழக்கோடு ஞானோபதேசத்தை ஒப்பிட்டுப் படிப்பவர் அதன் அளவை அறிவர்.

பதின்மூன்று ஆண்டு வழக்கு

உடன் பணிபுரிந்த பெர்னாண்டசே 1610இல் முதற்குற்றச்சாட்டை எழுதினார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகிய நான்கும் சமயச் சடங்குகளா அல்லது சமுதாய வழக்கங்களா என்பதே வழக்கின் மையம். சமுதாய வழக்கங்களே என்றார் நொபிலி. அதற்காகத் தரும சாத்திரங்களையும் பிற வடமொழி நூல்களையும் சான்றாக்கி இலத்தீனில் விரிவான நூல்கள் எழுதினார். பெர்னாண்டசும் வாளாவிருக்கவில்லை. 1616இல் அந்தணர் சடங்குகளை நுணுக்கமாக விவரித்து ஒரு நூலைப் போர்ச்சுக்கீசிய மொழியில் ஆக்கினார். தமிழகத்து அந்தணர் வாழ்வைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய மிகப் பழைய இனவரைவியற் பதிவுகள் ஒரு வழக்கின் இருதரப்பு வாதங்களாகப் பிறந்தவை என்பது ஆய்வாளர் நினைவிற் கொள்ளத்தக்கது. எடுத்துக்காட்டுகளைத் தெரிந்தெடுத்ததிலேயே இருவருடைய நோக்கமும் படிந்துள்ளது.

மேலிடத்தின் ஆதரவு மாறியது. 1613 முதல் அவருடைய முறைக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1619இல் கோவாவில் கூடிய அவையில் பேராயர் கிறித்தோவாம் தெ சா எதிர்நின்றார். விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அல்மெய்தா ஆதரித்தார். வழக்கு உரோமைக்குச் சென்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 சனவரி 31இல் வெளியிட்ட ஆணை, மூடநம்பிக்கை சார்ந்த கூறுகளை நீக்கிவிட்டு அவ்வழக்கங்களைக் கைக்கொள்ள இடமளித்தது. அந்த ஆணை நொபிலியின் வெற்றியாகவே பெரிதும் பேசப்படுகிறது. அதன் இறுதிப் பகுதியில், உயர்குலத்தார் தம் பிறப்புப் பெருமையை விடுத்து, தாழ்ந்தவராகக் கருதப்படுவோரை, அதிலும் கோயிலில், இகழாதிருக்க வேண்டும் என்ற அறிவுரையும் இடம்பெற்றது. வெற்றியைச் சொல்வோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் நொபிலியைத் தொடர்ந்து வந்து எதிர்நின்றது இவ்வறிவுரையே.

மதுரையை விட்டு நீங்கல்

1623 சூன் மாதத்தில் நொபிலி வடக்கு நோக்கிப் புறப்பட்டார். இக்காலக்கணக்கு உற்று நோக்கத்தக்கது. உரோமையில் சனவரி இறுதியில் ஒப்பமிட்ட ஆணை, இலிசுபனிலிருந்து இளவேனிலில் புறப்படும் கப்பல் வழியே இந்தியக் கரையை அடைய இலையுதிர்காலம் ஆகும். ஆகவே புறப்பட்ட வேளையில் வழக்கின் முடிவை அவர் அறிந்திருக்க இயலாது. தீர்ப்புப் பெற்ற ஊக்கத்தில் பணியை விரிவாக்கினார் என்று கூறுவது நிகழ்ச்சிகளின் வரிசையோடு பொருந்தாது. தீர்ப்பு எதுவாயினும் மதுரைக்கு வெளியே ஒரு நிலைக்களம் வேண்டும் என்று அவர் கருதினார் எனக் கொள்வதே பொருத்தம். அதே ஆண்டில் முத்து வீரப்ப நாயக்கருக்குப் பின் திருமலை நாயக்கர் அரசேற்றார். ஒரு நகரத்தின் அரசியல் நலனை மட்டும் நம்பியிருப்பதன் இடர் அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

அவர் சென்ற நிலப்பகுதி மதுரை நாயக்க அரசின் வட எல்லை. காவிரிக்கு அப்பால் மைசூரின் வளரும் வலிமை, மேற்கே தாரமங்கலத்தைச் சார்ந்த கெட்டி முதலிகள், கிழக்கே கொல்லிமலை, இடையே பாளையங்களாகப் பகுக்கப்பட்ட சமவெளி. சேந்தமங்கலம் மதுரைக்குத் திறை செலுத்திய பாளையங்களுள் ஒன்று. அதன் தலைவர் இராமச்சந்திர நாயக்கர். நாமக்கல் பாறைமேல் நிற்கும் கோட்டையை இப்பெயருடைய தலைவரோடு தொடர்புபடுத்துவது வழக்கம். அதே பாறையைக் குடைந்து அதியர் காலத்தில் எழுந்த நரசிங்கப் பெருமாள், அரங்கநாதர் குடைவரைகளும், திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயிலும், கொல்லிமலை அறப்பள்ளியும், சேலத்துச் சுகவனேசுவரர் கோயிலும் இச்சமவெளியின் சமய வாழ்வை நிலைப்படுத்தியிருந்தன. வைணவமும் சைவமும் நாட்டார் தெய்வ வழிபாடும் அருகருகே வாழ்ந்த பகுதி அது. ஆட்சியாளர் தெலுங்கு வழியினர், குடிகள் தமிழர். நொபிலி தெலுங்கும் அறிந்திருந்தமை இங்குப் பயன்பட்டிருக்கும்.

மதுரைக்கும் இந்நிலத்துக்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. மதுரையில் பரதவக் கிறித்தவரும் அவர்தம் கோயிலும் முன்னரே இருந்தமையால், நொபிலி எவ்வளவு விலகி வாழ்ந்தாலும் அவரைப் பரங்கியரோடு இணைத்துப் பேசும் வாய்ப்பு எந்நாளும் இருந்தது. சேலத்துச் சமவெளி கடலுக்கு வெகு தொலைவில் இருந்தது. போர்ச்சுக்கீசியக் கொடியோ வணிகரோ கோயிலோ அங்கு இல்லை. தம் பெயரும் கோலமும் சொல்லும் மட்டுமே துணையாக அவர் மக்கள்முன் நின்ற முதல் இடம் இது எனலாம்.

சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்போடு வரவேற்றார். அங்கேயே தங்கும்படியும் விரும்பினார். தாம் தொடர்ந்து செல்ல வேண்டியிருப்பதைச் சொல்லி நொபிலி விடைபெற்றார். வேற்றுச்சமயத் துறவிக்கு ஒரு பாளையத் தலைவர் அளித்த இந்த வரவேற்பைக் கிறித்தவச் சார்பாகப் படிப்பது பிழை. எச்சமயத்துத் துறவியாயினும் அரசவைக்கு வந்தால் ஆசனம் இட்டுக் கேட்டல் தமிழக அரசர்களும் நாயக்கர்களும் பேணிய மரபு. அம்மரபின் வாயிலாகவே நொபிலி உள்ளே வந்தார்; அதற்கு உரியவராகத் தம்மை ஆக்கிக்கொள்ளவே பதினாறு ஆண்டுகள் உழைத்திருந்தார். உரையாடலுக்கு வேண்டிய இடத்தை அவர் படைக்கவில்லை. அது இம்மண்ணில் முன்னரே இருந்தது.

சேலத்தில் நிலைமை வேறாயிற்று. அறியாத துறவிக்கு வீடு கொடுக்க எவரும் முன்வரவில்லை. காற்றையும் மழையையும் தடுக்காத ஒரு பொதுக்கொட்டகையில் பல நாள் தங்கினார், நோயும் கண்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறை நெருங்கியிருந்தது. ஏறத்தாழப் பதினாறாண்டுக் கடும் நோன்பால் உடல் தளர்ந்திருந்தது. ஊரார் அவருடைய பொறுமையைக் கண்டனர். மெல்ல ஒருவர் இடம் கொடுத்தார். கற்றோர் வந்து வினவத் தொடங்கினர். சேலபதி நாயக்கர் என ஏசு சபைக் கடிதங்கள் பெயரிடும் ஆட்சியாளரும் அவரை அழைத்துப் பேசினார். மதுரையில் நொபிலி தம் நுழைவை வேண்டுமென்றே அமைத்துக்கொண்டவர். உயர்குலத்தார் தெருவில் வீடு, வாயிலில் அந்தணப் பணியாள், காண வருவோரைக் காத்திருக்கச் செய்யும் ஒழுங்கு என யாவும் திட்டமிட்டவை. சேலத்தில் அவ்வொழுங்கு எதுவும் இல்லாமல் வீடற்றவராகக் கிடந்த நாள்களே அவருக்கு ஊராரின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தன. அவர் வகுத்த முறையைக் காட்டிலும் அவர் பட்ட இன்னலே இங்கு முன்னே பேசியது.

திருமங்கல நாயக்கர்

சேலத்தில் அவரை நாடி வந்தவர்களுள் திருமங்கல நாயக்கர் குறிப்பிடத்தக்கவர். ஆட்சியாளரின் தமையனாகிய அவர், தம் உரிமையை இளையவரிடம் இழந்து வாழ்ந்தவர். பதவியிழந்த ஒருவர், உறையுள் இழந்து கிடந்த ஒருவரைத் தேடி வந்தார் என்பதை இவ்வரலாற்றைச் சொல்வோர் கவனிப்பதில்லை. நீண்டகால உரையாடலுக்குப் பின் அவரும் குடும்பத்தாரும் கிறித்தவத்தைத் தழுவினர். திருமங்கலர் 1625ஆம் ஆண்டுக் கிறித்து பிறப்பு நாளில் ஞானஸ்நானம் பெற்றார். இரண்டாண்டுக் காலம் இடைப்பட்டது, நொபிலி விரைவை விரும்பாதவர் என்பதற்குச் சான்று.

அரசுரிமைப் பூசலில் தோற்றவரின் குடும்பம் ஒரு புதிய சமயத்தைத் தழுவுவது அரசியல் பொருளற்ற செயலாக இருக்க முடியாது. ஆட்சியில் இருப்பவர் அதனைத் தமக்கெதிரான அணிசேர்க்கையாகக் கருத இடமுண்டு. கலகத்தின் நாட்டத்தோடு வருபவர் குருவைக் கருவியாக்கிக்கொள்ளவும் இடமுண்டு. நொபிலி இருவரோடும் உறவு காத்தார். தமையனுக்காக இளையவரிடம் உரிமை கேட்கும் வழக்கறிஞராகவோ, கடற்கரைப் போர்ச்சுக்கீசியரின் படைத்துணையைப் பேரம் பேசுபவராகவோ அவர் மாறவில்லை. அதே நூற்றாண்டின் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் சமயமாற்றமும் அரசுரிமைப் பூசலும் அயல்நாட்டுப் படையும் பின்னிப் பிணைந்து இரத்தம் சிந்திய நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டால், சேலத்தில் கடைப்பிடிக்கப்பட்ட இவ்வொதுக்கத்தின் அருமை தெரியும். அமைதிப்பணி என்ற சொல்லை அக்காலத்துக்கு ஏற்றிச் சொல்வதானால் இதற்கே அது பொருந்தும்.

உரையாடல் என்ற சொல்லை ஆளும்போதும் எச்சரிக்கை வேண்டும். இன்று சமய உரையாடல் எனப்படுவது, ஒருவர் மற்றவர் சமயத்தை அதன் நிலையிலேயே மதித்துக் கற்றலைக் குறிக்கும். நொபிலியின் நோக்கம் அதுவன்று. மறுபிறப்புக் கொள்கையை மறுக்கவே ஒரு நூல் எழுதியவர் அவர். தம் சமயமே மெய்யென்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் நூல்களை அதன் மொழியிலேயே கற்க வேண்டும், அத்தரப்பினர் ஒப்பும் தருக்க முறையிலேயே வாதிட வேண்டும், வற்புறுத்தலும் பொருளாசையும் இடையில் புகலாகாது என்ற மூன்றையும் அவர் கைவிடவில்லை. மணிமேகலையில் பல சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட மரபும், நீலகேசியில் வாது நிகழ்த்திய மரபும் உடைய தமிழுக்கு இத்தகைய வாதம் புதிதன்று. தமிழ்ச் சமய வாத மரபின் பிற்காலக் கண்ணி ஒன்றாக அவரை வைத்துப் படிப்பது, ஐரோப்பிய மிஷன் வரலாற்றின் கிளையாக மட்டும் படிப்பதைவிடப் பயன் தரும்.

பகலில் காண இயலாதவர்கள்

இவ்வளவும் ஏற்றத்தாழ்வின் ஒரு பக்கத்தில் நிகழ்ந்தவை. மறுபக்கம் பற்றிய வினா நொபிலியை விட்டு அகலவில்லை. உயர்குலத் துறவியாக ஏற்கப்பட வேண்டுமாயின் ஒடுக்கப்பட்ட குலத்தாரோடு வெளிப்படையாகப் பழகலாகாது என்பது அவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனை. சாதி சமுதாய வழக்கமே, சமயம் அன்று என்ற அவருடைய வாதம் பூணூலுக்கும் குடுமிக்கும் இடம் தேடித் தந்தது. அதே வாதம் தீண்டாமைக்கும் இடம் விட்டுவைத்தது. சமுதாய வழக்கம் என்று பெயரிட்ட அளவில் ஒரு கொடுமை குற்றமற்றதாகிவிடாது. நொபிலியின் தருக்கத்தில் உள்ள பெரிய இடைவெளி இதுவே. அவரைப் போற்றி எழுதியவர்கள் இதனைக் காலத்தின் தேவை என்று கூறி முடித்துக்கொண்டனர். தூற்றியவர்கள் இதனை மட்டுமே கண்டனர். நிகழ்ச்சிகள் இவ்விரு முடிவுக்கும் எளிதில் இடங்கொடுக்கவில்லை.

நொபிலி வடபகுதியில் பணியாற்றிய அதே பத்தாண்டில், திருச்சிராப்பள்ளியில் ஒடுக்கப்பட்ட மக்களின் சமயகுருவாக விளங்கிய முக்தி உடையான் என்பவர் கிறித்தவத்தைத் தழுவினார். அவரைப் பின்பற்றிப் பலர் வந்தனர். அந்தணத் துறவி முறையைக் கண்டு கவரப்பட்டு வந்தவர்கள் அல்லர் இவர்கள். தமக்குள்ளேயே மெய்ப்பொருள் தேடிய ஒரு மரபின் வழியே வந்தவர்கள். நொபிலியின் திட்டத்தில் இவர்களுக்கு முதலிடம் இல்லை; இவர்களோ திட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் இல்லை. இவர்களுடைய வருகையால் உயர்குலக் கிறித்தவரிடையே சலசலப்பும், வெளியிலிருந்து எதிர்ப்பும் எழுந்தன. அந்தணத் துறவிக்கோலம் பூண்ட குருமார் இவர்களைப் பகலில் காண இயலாமல் இரவில் மறைவாகச் சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டியதாயிற்று. திருத்தந்தையின் ஆணையின் இறுதிப் பகுதி கேட்டதும் இந்நிலையும் ஒன்றுக்கொன்று முரண்.

இம்முரணுக்கு 1640ஆம் ஆண்டளவில் ஒரு நடைமுறை விடை காணப்பட்டது. பல்தசார் தா கோஸ்டா என்னும் குரு பண்டாரக் கோலம் பூண்டார். சைவ மரபில் வேளாளர் முதலியோரிடையே மதிப்புற்றிருந்த பண்டாரங்கள் பிற குலத்தாரோடு பழகத் தடையில்லை. நொபிலியின் இசைவோடு தொடங்கிய இப்பண்டாரசாமிகள் முறையே பின்னர் மதுரை மிஷனின் பெருவழியாயிற்று. சத்தியமங்கலம் முதலாக வடமேற்குப் பகுதிகளில் எழுந்த பணித்தளங்கள் பண்டாரசாமிகளால் வளர்ந்தவை. 1674இல் மதுரை மிஷனுக்கு வந்து, 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த அருளானந்தரும் பண்டாரசாமியே. அந்தணத் துறவி முறை நூல்களில் புகழ்பெற்றது. ஊர்களில் வேரூன்றியது பண்டார முறை. ஆயினும் பண்டாரசாமிகளும் சாதிவாரியான இருக்கைகளையும் தனிக்கோயில்களையும் அகற்றவில்லை. எட்டக்கூடிய குரு கிடைத்தார். சமமான இடம் கிடைக்கவில்லை. மலபார்ச் சடங்குகள் என்ற பெயரில் 1704 முதல் 1744 வரை உரோமையில் நீண்ட விவாதம் இதனைத் தொட்டது. தமிழகத் திருச்சபையில் அது இன்றும் ஒலிக்கிறது.

இறுதி ஆண்டுகள்

சேலத்துக்குப் பின் நொபிலியின் வாழ்வு பெரும்பாலும் மதுரையிலும் திருச்சிராப்பள்ளியிலும் கழிந்தது. 1638இல் நெடுங்காலத் துணைவர் அந்தோனியோ விக்கோ மறைந்தார். 1640இல் மதுரையில் எழுந்த எதிர்ப்பால் நொபிலி சிறைப்பட்டார். உடைமைகள் பறிபோயின, அடுத்த ஆண்டில் விடுதலை கிடைத்தது. அதன்பின் கண்ணொளி மங்கியது. முதுமையில் மேலிடத்தார் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினர். பின்னர் மயிலாப்பூருக்கு மாற்றினர். நாற்பதாண்டு பழகிய மண்ணிலிருந்து பிரித்தது அவருக்கு வருத்தம் தந்திருக்கும். மயிலாப்பூரிலும் போர்ச்சுக்கீசியர் குடியிருப்புக்குள் வாழ விரும்பாமல் புறத்தே குடிலமைத்து, பழைய நோன்பு முறையிலேயே வாழ்ந்தார். பார்வை குன்றிய நிலையில் பிறர் எழுதத் தாம் சொல்லி நூல்களைத் திருத்தினார். அவருடைய உரைநடையில் காணப்படும் நெடுந்தொடர்களும், கூறியது கூறலும், எதிராளியை முன்னிலைப்படுத்தி விடையிறுக்கும் போக்கும் எழுத்து நடையினும் பேச்சு நடைக்கே நெருங்கியவை. பல்லாண்டு வாய்மொழி வாதத்தில் பழகியவர் என்பதும் இறுதியில் வாயாற் சொல்லியே எழுதுவித்தவர் என்பதும் அந்நடையைப் படிப்போர் கருத்திற் கொள்ள வேண்டியவை. வடசொல் மிகுதியை மட்டும் சுட்டி அந்நடையைக் கடினம் என ஒதுக்குவது நிறைவான மதிப்பீடாகாது.

1656 சனவரி 16இல் நொபிலி மயிலாப்பூரில் மறைந்தார். அகவை எழுபத்தெட்டு.

1773இல் ஏசு சபை கலைக்கப்பட்ட பின், சேலத்துச் சமவெளிப் பணித்தளங்கள் காலப்போக்கில் பாரிசு மறைப்பணிக் கழகத்தார் பொறுப்பில் வந்தன. 1930இல் சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. தத்துவ போதகர் பொதுக்கொட்டகையில் நோயுற்றுக் கிடந்த ஊரே அதன் தலைமையிடம். சேந்தமங்கலம் இன்று நாமக்கல்லுக்கு வடகிழக்கே கொல்லிமலைச் சாலையில் ஒரு பேரூராக இருக்கிறது. மதுரை மிஷன் கடிதங்களின் இப்பகுதி சார்ந்த பக்கங்கள் முழுமையாகத் தமிழாக்கம் பெற்றால், பாளையக்காரர் வரலாற்றுக்கும், ஒடுக்கப்பட்டோர் சமய வரலாற்றுக்கும், தமிழ் உரைநடை ஆய்வுக்கும் அவை ஒருங்கே பயன்படும். திருமங்கல நாயக்கரின் பெயரைக் கொங்கு வரலாற்று நூல்களில் தேடுவோர்க்கு இப்போதைக்கு அக்கடிதங்களே வழி.